சிவப்புப் பூசிய நட்டுகள்

பச்சையில் எத்தனை பச்சை இருக்கிறது என்பது பெயின்ட் கடைக்காரர்களுக்கே தெரியாது. மிலிட்டரிப் பச்சை வேண்டும் என்று கேட்டால் கிளிப் பச்சை, பாசிப் பச்சை, பாட்டில் பச்சை என்று வரிசையாக டப்பாக்களைத் திறந்து காட்டுவார்கள். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "எந்த நாட்டு மிலிட்டரி சார்?" என்பார்கள். என் ஜீப்புக்கான பச்சையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷமும் ஏழு மாதமும் ஆனது. டாஷ்போர்டுக்கு அடியில், வெயில் படாத ஓர் இடுக்கில், நகக்கண் அளவுக்குப் பழைய பெயின்ட் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்து, நகை அடகு வைக்கப் போகிறவன் மாதிரி சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டே போய்க் கலக்கி வாங்கி வந்தேன். கல்யாணப் புடவைக்குக்கூட நீங்கள் இவ்வளவு பார்க்கவில்லை என்றாள் மனைவி. உண்மைதான். புடவையை என் மாமியார் எடுத்தார்.

ஆகவே, "சக்கர நட்டுகளுக்கு இந்தப் பச்சையை எப்போது அடித்தீர்கள்?" என்று நீங்கள் கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. மதிப்பீட்டாளர் என்றால் கேட்கத்தான் வேண்டும். உங்கள் படிவத்தில் எழுபத்திரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நேராக அசல், மாற்றியது, பிற்காலத்தது, தெரியாது என்று நாலு கட்டம். கடைசிப் பக்கத்தில், எதையும் மறைக்கவில்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போன தடவை நீங்கள் வந்தபோது மறைத்தேன். இந்தத் தடவை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். அந்த நாற்காலியில் உட்காருங்கள். பட்டாளத்தில் மடக்கி எடுத்துப்போகிற நாற்காலி, அசல். சாய்ந்துவிடாதீர்கள், அதுவாகவே மடங்கிக்கொள்ளும்.

என் தொழில் குழாய்க்கடை. தண்ணீர்க் குழாய், வாஷ்பேசின், கழிப்பறைச் சாமான்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மேஜர். பழைய மிலிட்டரி ஜீப் வைத்திருக்கும் நாங்கள் பதினாறு பேர் மைதானத்தில் கூடுவோம். ஒருவருக்கொருவர் பதவி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஜெனரல் ஒரு பல் டாக்டர். எங்களில் ஒருவர்கூடப் பட்டாளத்தின் வாசலில் நின்றதில்லை. பதினாறு வண்டிகளில் பத்து, தள்ளிக்கொண்டு வந்தவையாக இருக்கும். அவற்றின் நடுவே காக்கிச் சட்டையும் தொந்தியுமாக நின்று, எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வரக்கூடும் என்று பேசிக்கொள்வோம். வெளியாள் பார்த்தால் சிரிப்பு வரும். எனக்கும் வந்ததுண்டு. ஆனால் வாரத்தில் ஆறு நாள் கழிப்பறை மூடி விற்கிறவனை ஏழாவது நாள் ஒரு பல் டாக்டர் "வாங்க மேஜர்" என்று கூப்பிடும்போது உள்ளே ஏதோ நிமிர்கிறது. அதை வைத்துத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டுகிறேன்.

இந்த ஜீப்பைக் காயலான் கடையில் எடுத்தபோது அதற்குச் சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை, ஒரு பூனைக் குடும்பம் இருந்தது. எட்டு வருஷத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பக்கவாட்டில் மாட்டும் மண்வெட்டி, பின்னால் தொங்கும் பெட்ரோல் கேன், மடக்கும் கண்ணாடி. அதோடு நிற்கவில்லை. ஹெல்மெட், கான்வாஸ் வாளி, பேசாத வயர்லெஸ் பெட்டி, இன்னும் திறக்காத சாப்பாட்டு டின் என்று இந்த அறை நிரம்பியது. இது முன்பு விருந்தாளிகளுக்கான அறை, தெருப்பக்கச் சுவரை இடித்து ஜீப்பையும் இங்கேயே நிறுத்தினேன். விருந்தாளிகள் வருவது நின்றதும் இதனால்தான் என்று மனைவி நினைக்கிறாள்.

இவ்வளவுக்கும் எனக்குத் துணை நின்றவன் மச்சினன். மனைவியின் தம்பி, கல்யாணம் செய்துகொள்ளாதவன், எங்களோடு மாடி அறையில் இருந்தவன். நாற்பத்து மூன்று வயது. மருந்துக்கடையில் வேலை. எங்கள் கூட்டத்தில் அவனுக்குக் கொடுத்த பதவி ஆர்டர்லி. அதாவது எடுபிடி. கூப்பிட்டால் விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பான், சாதாரணமாக இடது கையால். ஜெனரலின் பிரஷர் மாத்திரை தீரும் தேதி ஜெனரலுக்குத் தெரியாது, இவனுக்குத் தெரியும். நாலு நாள் முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவான். மருந்துக்கடைக்காரன் ஆதலால் அவனுக்கு இரண்டு குணங்கள் படிந்திருந்தன. எழுதியிருப்பதை அப்படியே செய்வான். சந்தேகம் வந்தால் டாக்டருக்கு போன் போட்டு, திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வான். இந்த இரண்டாவது குணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்துக்கொண்டிருந்தேன்.

வலது பக்கத் தகட்டில் இருக்கும் தோட்டாத் துளையைப் போன தடவை நீங்கள் வெகுநேரம் பார்த்தீர்கள். அது நான் போட்டது. டிரில்லால் போட்டால் ஓரம் சுத்தமாக இருந்து காட்டிக்கொடுத்துவிடும். உளியைச் சூடாக்கி, ஒரே அடியில் இறக்கி, ஓரத்தை உள்பக்கம் மடித்து, மூன்று வாரம் உப்புத்தண்ணீர் விட்டேன். மச்சினன்தான் பின்பக்கம் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"எதுக்கு மாமா நல்ல தகட்டைக் கெடுக்கிறீங்க?"

"அழகுக்கு."

"அக்கா மூக்கு குத்திக்கிட்ட மாதிரியா?"

"அதே மாதிரிதான். கட்டையை ஆட்டாம பிடி."

உண்மையிலேயே அழகுக்குத்தான் போட்டேன். அடுத்த ஞாயிறு ஜெனரல் அதில் விரலை விட்டுப் பார்த்து, "மேஜர், இது என்ன?" என்றார். நான் வாயைத் திறந்தேன். திறந்தபோது என் அப்பா அந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அப்பா ஓட்டிய வண்டி இது, எல்லையில், காயம்பட்ட இரண்டு பேரைப் பின்னால் போட்டுக்கொண்டு வரும்போது தகட்டைத் துளைத்து வந்த தோட்டா அவருடைய இடது முழங்காலில் பட்டது, எத்தனையோ வருஷம் தேடி இதே வண்டியைக் கண்டுபிடித்தேன் என்றெல்லாம் என் வாய் சொல்லிக்கொண்டே போனது. பதினைந்து பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். கர்னல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் அப்பா ராணுவத்துக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். பொத்தான் துளை போடும் மெஷினில். நல்ல மனிதர். கால் நொண்டியது உண்மை. ஓடும் பஸ்ஸில் ஏறப் போய் விழுந்தார்.

அதற்குப் பிறகு என்னைச் சும்மா மேஜர் என்று யாரும் கூப்பிடவில்லை. கைகொடுக்கும்போது இரண்டு கையாலும் பிடித்தார்கள். போன வருஷம் பெரிய கண்காட்சி ஒன்று நடத்துவதென்று முடிவானதும், வாசலிலேயே என் ஜீப், பக்கத்தில் அப்பாவின் படம் என்று தீர்மானித்தார்கள். அதற்கு ஒரே நிபந்தனை, போரில் ஓடிய வண்டி என்று உங்கள் சான்றிதழ் வேண்டும். நீங்கள் முதல் தடவை வந்தீர்கள். உங்கள் வேலை முறை எனக்குப் பிடித்திருந்தது. அவசரமில்லாமல், டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக. போகும்போது இரண்டு விஷயம் சொன்னீர்கள். சக்கரத்தின் வெளி வட்டத்து நட்டுகளில் இருந்த சிவப்பு பிற்காலச் சேர்க்கை, அதை நீக்கிப் பச்சை அடித்தால் முழு மதிப்பெண் என்பது ஒன்று, அதைக் குறிப்பாக எழுதியும் கொடுத்தீர்கள். அடுத்த தடவை, வண்டியின் வரலாற்றை வீட்டில் இன்னொருவரிடமும் தனியாகக் கேட்பீர்கள் என்பது இன்னொன்று. அது உங்கள் வழக்கம் என்றீர்கள்.

நட்டு விஷயத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். இந்த ஜீப்பின் சக்கரம் இரண்டு இரும்புத் தட்டுகளால் ஆனது, நடுவில் டயர். உள் வட்டத்தில் ஐந்து நட்டுகள். அவை சக்கரத்தை வண்டியோடு பிடித்திருப்பவை. வெளி வட்டத்தில் எட்டு. அவை இரண்டு தட்டுகளையும் ஒன்றாகப் பிடித்திருப்பவை. சக்கரத்தை மாற்ற உள் ஐந்தைக் கழற்ற வேண்டும். டயரில் காற்று இருக்கும்போது வெளி எட்டைக் கழற்றினால் காற்று அந்த இரும்புத் தட்டை எதிரே உட்கார்ந்திருப்பவர்மேல் எறிந்துவிடும். அதனால்தான் பணிமனைகளில் வெளி எட்டுக்கும் சிவப்பு அடித்து வைக்கும் பழக்கம் வந்தது. மச்சினனுக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்ததும் அது ஒன்றுதான்: சிவப்பைத் தொடாதே. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதோடு சரி, அவன் சக்கரத்தில் கை வைத்ததில்லை.

நீங்கள் சொன்னபடியே சிவப்பை நீக்கினேன். தின்னர் போட்டுத் துடைத்து, மூன்று பூச்சுப் பச்சை. அதுவரை என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. பச்சை காய்ந்துகொண்டிருந்தபோதும் இல்லை.

இன்னொருவரைக் கேட்பீர்கள் என்றதுதான் சிக்கல். மனைவிக்கு ஜீப்பின் முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குப் போய்விடுவாள். மிச்சம் இருப்பது மச்சினன். இதற்கிடையில் ஒரு ஞாயிறு மைதானத்தில் ஜெனரல் அறிவித்தார், "மேஜரோட அப்பா படத்தை ஆளுயரத்துக்குப் போடறோம். வாசல்லயே." எல்லாரும் கைதட்டினார்கள். பானெட்டின்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த மச்சினன், "போடுங்க ஜெனரல் சார். துளை போடறதுல அவங்க குடும்பத்தை அடிச்சிக்க ஆளே கிடையாது" என்றான். யாருக்கும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். எதிரியைத் துளைப்பது என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். நான் கேலிக்குக் கோபப்படும் ஆள் இல்லை. கேலி செய்தே பிழைப்பு நடத்துகிறவன். கழிப்பறை மூடி வாங்க வருகிறவர்களைச் சிரிக்க வைக்காமல் அனுப்பியதில்லை.

அன்று மத்தியானம் அவனைத் தனியாகக் கேட்டேன்.

"அதிகாரி வந்து கேட்டா என்னடா சொல்வே?"

"எதை மாமா?"

"துளையை."

கொஞ்ச நேரம் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "எனக்குப் பொய் சொல்ல வராதே மாமா. சின்ன வயசுலயே அக்காகிட்ட மாட்டிப்பேன். காது சிவந்துடும். பாருங்க, இப்பவே சுடுது."

"ரெண்டே வரி."

"ரெண்டு வரியா இருந்தாலும் காது காதுதானே? அவரைக் கேக்காம இருக்கச் சொல்லுங்களேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி சரி, மூஞ்சியைத் தூக்காதீங்க. பாத்துக்கலாம் விடுங்க" என்று சொல்லிவிட்டு, சல்யூட் வைத்துவிட்டுப் போனான்.

பாத்துக்கலாம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது? பதினைந்து பேர் இரண்டு கையாலும் பிடித்த கை இது. கண்காட்சி வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கப் போகும் அப்பா, ஒருவனுடைய காது சிவந்ததால் மறுபடியும் பொத்தான் துளைக்குத் திரும்பிப் போக வேண்டுமா? அவனுடைய நிலைமையையும் நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்லத் தெரியாதவனைப் பொய் சொல்ல வைப்பது எவ்வளவு பெரிய சித்திரவதை. அவனுக்கு அந்தச் சங்கடமே வராமல் செய்வது நல்லது என்று தோன்றியது. அப்போதுதான் சக்கரத்தைப் பார்த்தேன். பதின்மூன்று நட்டுகளும் ஒரே பச்சையில், பார்க்க மிக அழகாக இருந்தன.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. வியாழன் அவனுக்கு வார விடுமுறை. காலையில் முன் இடது சக்கரத்துக்குக் காற்றடித்தேன். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. பிறகு மாடிக்குப் போய் அவனிடம் சொன்னேன், "மச்சான், முன்னாடி இடது டயர்ல பட்டை வேற மாதிரி இருக்கு, அதிகாரி பிடிச்சிடுவார். சரியான பட்டை இருக்கிற ஸ்டெப்னியை மாட்டிடேன். எனக்குக் கடையில சரக்கு இறங்குது."

"நானா? தனியாவா?" என்று கேட்டவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்போ எனக்கு புரமோஷன் உண்டா?"

"லான்ஸ் நாயக் போட்டுத் தரேன்."

"வாய் வார்த்தை வேணாம். எழுத்துல வேணும்" என்றான்.

பத்தரை மணிக்குக் கடைக்கு போன் வந்தது. ஜாக்கியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டான் என்று போலீஸில் சொன்னேன். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். பச்சை அடித்ததற்கு உங்கள் குறிப்பு கையில் இருந்தது, காட்டினேன். பரிதாபமாகத் தலையை ஆட்டினார்கள். அதனால் உங்களுக்கு ஒன்றும் வராது, கவலைப்படாதீர்கள். ஆனால் போனில் அவன் கேட்டது ஜாக்கியை அல்ல.

"மாமா, எல்லாமே பச்சையா இருக்கு. முன்னாடி சிவப்பு இருந்தது வெளிய இருக்கிற எட்டுதானே?"

எனக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் இரண்டு குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு எது நல்லது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், "இல்லடா. உள்ள அஞ்சு."

"அப்படியா? வெளியன்னு இல்ல நினைச்சிட்டு இருந்தேன். நல்ல வேளை கேட்டேன்." பிறகு, மருந்துக்கடையில் செய்வது போலவே, நிறுத்தி நிதானமாகத் திருப்பிச் சொன்னான், "உள்ள அஞ்சைத் தொடக் கூடாது. வெளிய எட்டைக் கழட்டணும். சரியா மாமா?"

"சரி."

போனை வைத்துவிட்டு, வாடிக்கையாளரிடம் இடது கையில் இருக்கும் குழாயை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அதுதான் நல்ல குழாய். நான் வியாபாரத்தில் யாரையும் ஏமாற்றியதில்லை.

பேனாவை ஏன் மூடிவிட்டீர்கள்? நட்டுகளுக்கு நேராக 'மாற்றியது' என்று குறிக்க வேண்டும். தேதியும் காரணமும் சொல்லிவிட்டேன்.

சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்டதாம். குழாய்க்கடை நாலு தெரு தள்ளி இருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. அவனுக்கு வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். எங்கள் ஜெனரல் இல்லை, வேறு டாக்டர். ஜெனரலும் வந்திருந்தார். அவருடைய சட்டைப் பையில் மச்சினன் முந்தின ஞாயிறு கொடுத்த மாத்திரை அட்டை இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே அழுதார். மனைவி அழவில்லை. என் கையைப் பிடித்து, "நீங்க என்ன பண்ணுவீங்க? ஆசையா செய்யப் போனான். உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், நீங்க மனசை விட்டுடாதீங்க" என்றாள். எட்டு வருஷமாக இந்த அறைக்குள் வராதவள், இப்போது சாயங்காலத்தில் வந்து அவன் துடைத்துக்கொண்டிருந்த ஹெல்மெட்டுகளைத் துடைக்கிறாள். வரிசை மாற்றி வைத்துவிடுகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

பதினைந்து நாள் கழித்து அவனுடைய பொருள்களைப் போலீஸில் திருப்பிக் கொடுத்தார்கள். வாட்ச், சாவி, சீப்பு. சட்டைப் பையில் ஒரு மாத்திரைக் கவர். காலை, மதியம், இரவு என்று கட்டம் அச்சடித்திருக்குமே, அது. அதன் பின்பக்கத்தில் அவனுடைய குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தான்: 'அதிகாரி கேட்டால் - மாமாவின் அப்பா ஓட்டிய வண்டி. இரண்டு காயம்பட்டவர்கள் பின்னால். முழங்கால், இடது (வலது அல்ல).' கீழே, 'தினம் மூன்று வேளை சொல்லிப் பார்க்கவும். காதை மறைக்கத் தொப்பி.' முன்பக்கம் கிழமைகளை வரிசையாக எழுதி, காலை, மதியம், இரவு மூன்று கட்டத்திலும் டிக் போட்டிருந்தது. புதன்கிழமை வரை. வியாழனில் காலைக் கட்டத்தில் மட்டும் டிக்.

முழங்காலைச் சரியாக எழுதியிருக்கிறான். நானே சில தடவை வலது என்று சொல்லியிருக்கிறேன்.

அதோ, கண்ணாடிப் பெட்டியில், சாப்பாட்டு டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மனைவியிடம் இன்னும் காட்டவில்லை. அதன் ஓரம் கொஞ்சம் கறைபட்டிருக்கிறது, நான் சுத்தம் செய்யவில்லை. இப்படிப்பட்ட பொருள்களைச் சுத்தம் செய்தால் மதிப்புப் போய்விடும்.

என்ன விஷயம் என்றால், இனி எனக்கு அந்தத் தோட்டாத் துளை தேவைப்படவில்லை. அதைப் போலி என்றே எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவின் படத்தை வாசலிலிருந்து எடுத்துவிடச் சொல்லி ஜெனரலுக்கு நானே சொல்லிவிடுகிறேன். வாசலில் இனி மச்சினனின் படத்தை வைக்கலாம். எங்களுடைய பதினாறு ஜீப்புகளில் ஒருவரைக் கொன்ற வண்டி என்று உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். ஆவணம் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, தேதி இருக்கிறது.

நாற்காலி மடங்கிவிட்டதா? நான்தான் சொன்னேனே. பரவாயில்லை, நின்றுகொண்டே பாருங்கள், கதவுப் பக்கம் போக வேண்டாம். வண்டிக்கு இந்தப் பக்கம் வாருங்கள். இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி. அந்த இரும்புத் தட்டு அவனைத் தாண்டிப் போய், எதிர்ச் சுவரில் மோதி, திரும்பி வந்து இந்த மட்கார்டில் இடித்தது. கையை வைத்துப் பாருங்கள், உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம். பெயின்ட் உதிரவே இல்லை, அவ்வளவு நல்ல பெயின்ட். இதற்கு நேராக 'அசல்' என்று எழுதுங்கள். இந்த வண்டியில் என் கை படாத அடையாளம் இது ஒன்றுதான்.